கோடையும் பொதுத் தோட்டமும்

வீட்டுத் தோட்டம் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கிணற்றடியில் நாலு வாழை, வேலியில் ஓர் அவரைக்கொடி, கொல்லையில் ஒரு முருங்கை என்று நம் பாட்டிமார் வைத்து வளர்த்தது அதுதான். பொதுத் தோட்டம் என்பது வேறு. பல குடும்பங்கள் ஒன்று சேர்ந்து, தமக்குச் சொந்தமில்லாத ஒரு நிலத்தில், கூலி பெறாமல் ஓய்வு நேரத்தில் பாடுபட்டு, விளைவதைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டையே நாம் இங்கே பொதுத் தோட்டம் என்கிறோம். அடுக்கு வீடுகளில் மக்கள் நெருங்கி வாழும் பெருநகரங்களில், மண்ணைத் தொட விரும்புவோருக்கு இதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. இத்தகைய தோட்டத்தை உண்டாக்குவது எளிது. கோடையில் அதைக் காப்பாற்றுவதுதான் கடினம். ஏன் கடினம், அதற்கு வழி என்ன என்பதை, 2024ஆம் ஆண்டில் டில்லியில் நாம் கண்ட ஒரு கோடையைக் கொண்டு ஆராய்வோம்.

முதலில் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். ஜெர்மனியில் லைப்ஸிக் நகரில், 1864ஆம் ஆண்டு, ஹவுஷில்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர் ஒரு சங்கத்தை நிறுவினார். குழந்தைகளின் உடல்நலம் பற்றி எழுதி மறைந்த ஷ்ரேபர் என்ற மருத்துவரின் பெயரை அதற்கு இட்டார்கள். சங்கம் முதலில் அமைத்தது ஒரு விளையாட்டுத் திடல். பின்னர் கெஸல் என்ற ஆசிரியர் அத்திடலின் ஓரத்தில் சிறுவர்களுக்கென்று பாத்திகள் போட்டுக் கொடுத்தார். சிறுவர்களின் உற்சாகம் சீக்கிரமே தணிந்தது. பாத்திகளில் களை மண்டியது. அதைக் காணப் பொறுக்காத பெற்றோர் மண்வெட்டியைக் கையில் எடுத்தனர். குடும்பத் தோட்டங்கள் பிறந்தன. இன்றும் ஜெர்மானியர் இவ்வகைச் சிறு தோட்டங்களை ஷ்ரேபர் தோட்டம் என்றே வழங்குகின்றனர்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சுமார் இரண்டு கோடி 'வெற்றித் தோட்டங்கள்' இருந்தன என்றும், நாட்டின் பச்சைக் காய்கறியில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு அவற்றிலிருந்து கிடைத்தது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். போர் முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. நம் நாட்டிலும் 1942-43இல் உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கம் தொடங்கியது. 1950ஆம் ஆண்டு ஜூலையில், அப்போது உணவு விவசாய மந்திரியாக இருந்த கே. எம். முன்ஷி வனமகோத்சவத்தைத் தொடங்கி வைத்தார். ஆண்டுதோறும் ஜூலையில் மரக்கன்றுகள் நடப்படுகின்றன. அடுத்த மே மாதத்தில் அவற்றில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்பதே கேள்வி. லைப்ஸிக் சிறுவர்கள் முதல் நம்மூர் மரநடுவிழா வரை நாம் காணும் உண்மை ஒன்றுதான். தொடங்குவதற்கு உற்சாகம் போதும். தொடர்வதற்கு முறை வேண்டும்.

டில்லியில் அரசாங்க ஊழியர் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் இருபது குடும்பத்தார் சேர்ந்து நடத்தும் தோட்டம் பெரியதன்று. பத்தடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள பதினெட்டுப் பாத்திகள். ஓரத்தில் ஓர் எருக்குழி. நடுவில் ஒரு வேப்பமரம். தமிழர், வங்காளியர், மலையாளிகள், கடுவாலியர், பஞ்சாபியர் என்று பல பகுதி மக்கள் இதில் பங்காளிகள். வெண்டை, காராமணி, கொத்தவரை, பீர்க்கு, சுரை, தக்காளி, கீரை வகைகள் ஆகியவை கோடைப் பயிர்கள்.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதக் குடியிருப்புக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை எழுந்தது. மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன, நிறுத்த இடமில்லை, தோட்டம் இருக்கும் மனையைச் சமன் செய்து வண்டிகளுக்குத் தர வேண்டும் என்று சிலர் கேட்டனர். அவர்கள் சொன்னது முற்றிலும் நியாயமற்றது என்று கூற முடியாது. தெருவில் நிறுத்திய வண்டிகளால் நோயாளியை ஏற்றிச் செல்லும் ஊர்தி ஒருமுறை உள்ளே வர இயலாமல் நின்றதை எல்லோரும் அறிவர். கூட்டம் இவ்வாறு முடிவு செய்தது: ஜூன் மாத இறுதியில் தோட்டத்தைப் பார்வையிடுவது, பாதிக்கு மேல் பசுமையாக இருந்தால் தோட்டம் தொடரும், காய்ந்து கிடந்தால் இடம் வண்டிகளுக்கு.

இந்த முடிவின் கடுமையை உணர வேண்டுமானால் டில்லியின் கோடையை அறிந்திருக்க வேண்டும். மேற்கிலிருந்து வீசும் 'லூ' என்னும் அனல் காற்று பகலெல்லாம் இலையைச் சுருட்டும். 2024 மே 29ஆம் தேதி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான வெப்பம் 46.8 டிகிரி. எழுபத்தொன்பது ஆண்டுகளில் அங்கே அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை. வழக்கமாகப் பருவமழை ஜூன் 27 வாக்கில்தான் தலைநகரை அடையும். அதுவரை தோட்டத்தின் உயிர் மனிதர் கையில் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர்கள் ஊரில் இருப்பதில்லை! மே மாத நடுவில் பள்ளிகள் மூடுகின்றன. மத்திய அரசு ஊழியர்கள் பயணச் சலுகையைப் பயன்படுத்திச் சொந்த ஊருக்கு ரயிலேறுவதும் அப்போதுதான். பயிருக்கு நாள்தோறும் ஆள் வேண்டிய மாதமும், ஆட்கள் எல்லோரும் ஊரைவிட்டுச் செல்லும் மாதமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. பொதுத் தோட்டங்கள் கோடையில் மடிவதற்கு வெயில் ஒரு காரணம். வெறிச்சோடிய குடியிருப்பு அதனினும் பெரிய காரணம்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது ஒரு லிட்டர். கடுங்கோடையில் டில்லியில் பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஏழு, எட்டு மில்லிமீட்டர் நீரைக் காற்றுக்கு இழக்கின்றன. எங்கள் பாத்தி ஒன்றின் பரப்பு நான்கு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே பாத்திக்கு நாள்தோறும் இரண்டு வாளி. பதினெட்டுப் பாத்திக்கு முப்பத்தாறு வாளி. இருபது குடும்பமும் இருந்தால் வீட்டுக்கு இரண்டு வாளிகூட ஆகாது. பதினொரு குடும்பங்கள் ஊருக்குப் போய்விட்டால், மிஞ்சிய ஒன்பது குடும்பங்களும் வீட்டுக்கு நாலு வாளி சுமக்க வேண்டும். அந்த ஆண்டிலோ நகரில் குடிநீர்த் தட்டுப்பாடு. குழாயை இணைத்துக் குடிநீரைப் பாத்தியில் விடுவது எவ்விதத்திலும் முறையாகாது. இருந்த நீரெல்லாம் அரிசி, காய்கறி கழுவிய நீரும், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரும், குடிநீர் சுத்திகரிக்கும் கருவி கழித்துவிடும் நீருமே. மூன்றாவதில் உப்பு மிகுதி. அதைத் தனியே விட்டால் மண் கெடும். மற்ற இரண்டோடும் கலந்தே விட வேண்டும்.

தண்ணீர் குறைவாகவும் பங்காளிகள் பலராகவும் இருக்கும் இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் நாட்டு உழவர்கள் முன்னரே விடை கண்டிருக்கிறார்கள். பஞ்சாப், ஹரியானாக் கால்வாய்ப் பாசனத்தில் 'வாராபந்தி' என்று ஓர் ஏற்பாடு உண்டு. வாரத்தின் 168 மணி நேரத்தையும் ஒரு வாய்க்காலின் உழவர்களுக்கிடையே அவரவர் நிலத்தின் அளவுக்கேற்பப் பங்கிட்டு, இன்ன நாள் இன்ன மணி முதல் இன்ன மணி வரை நீர் இன்னாருக்கு என்று விதித்துவிடுவார்கள். இரவில் நீர் பாய்ச்சும் தொல்லை ஒருவருக்கே என்றும் நேராதபடி, ஆண்டுதோறும் முறையைப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளி வைப்பதும் உண்டு. தமிழ்நாட்டு ஏரிப் பாசனத்திலோ, ஊரார் சேர்ந்து அமர்த்திய நீர்க்கட்டி என்பவர் வயல் வயலாக நீரைத் திருப்பிவிடுவார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் கண்ணில் படுகிறது. 'பாரி' என்ற இந்திச் சொல்லுக்குத் தமிழில் 'முறை' என்கிறோம். ஆனால் முறை என்ற நம் சொல் ஒருவரது தவணையை மட்டும் குறிப்பதில்லை. ஒழுங்கையும் நீதியையும் சேர்த்தே குறிக்கிறது. பொதுத் தோட்டத்துக்கு வேண்டியது இம்மூன்றும்தான்.

ஆகவே, யாரும் ரயிலேறுவதற்கு முன்பே, ஏப்ரல் இறுதியில், நாங்கள் ஒரு முறைப்பட்டியலை எழுதி வேப்பமரத்தடிப் பலகையில் மாட்டினோம். இந்தியிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் அது எழுதப்பட்டது. ஊருக்குப் போகிறவர்மீது குறை சொல்வதில்லை என்பது முதல் விதி. வயது முதிர்ந்த தாய் தந்தையரை ஆண்டுக்கு ஒருமுறை காணப் போகிறவரைத் தடுக்க யாருக்கு உரிமை உண்டு? ஆனால் எத்தனை நாள் முறை தவறுகிறதோ அத்தனை நாளைத் திரும்பி வந்ததும் ஈடு செய்ய வேண்டும் என்பது இரண்டாம் விதி. முடிந்த அளவுக்கே பாத்தி என்பது மூன்றாவது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரத் தொடங்கும். 45 டிகிரியில் அதற்கு நீர் வார்ப்பது இரக்கமே தவிர வேளாண்மை ஆகாது. எனவே தக்காளியும் வேறு சிலவும் இருந்த ஆறு பாத்திகளைச் சருகால் மூடிவிட்டுப் பன்னிரண்டை மட்டும் காப்பது என்று தீர்மானித்தோம். தக்காளியை ஆசையோடு வளர்த்தவர்களுக்கு இது எளிதாக இருக்கவில்லை. ஓர் அம்மையார் இரண்டு நாள் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, தம் கையாலேயே செடிகளைப் பிடுங்கி எருக்குழியில் இட்டார்.

இனி, வகுப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு வேப்பமரத்தடியில் வகுப்பு. வேளாண்மை பயின்ற இளைஞர் ஒருவரும், முப்பது ஆண்டு அனுபவமுள்ள தோட்டக்காரர் ஒருவரும் கற்பித்தனர். விடுமுறையில் இருந்த கல்லூரி மாணவர்கள் சிலர் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தவர்கள். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட திட்டம் இது. ஆண்டுக்கு 120 மணி நேரத் தொண்டு அதில் எதிர்பார்க்கப்படுகிறது. வாளி தூக்கும் கைகளுக்கு இவர்களால் பெரும் துணை கிடைத்தது.

நீரைப் பற்றிய வகுப்பில் கற்றவை மூன்று. முதலாவது, வெயில் ஏறுமுன் விடியலிலோ, மண் ஆறிய பின் மாலையிலோதான் நீர் விட வேண்டும். இரண்டாவது, தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, விட்டபோது ஆழமாக விடுவது மேல். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே படர்ந்து, ஒரு நாள் நீர் தவறினாலும் செடி வாடிவிடும். மூன்றாவது மூடாக்கு. மண்ணின்மீது மூன்று அங்குல கனத்துக்குச் சருகு பரப்பினால் வெயில் நேரே மண்ணில் படாது, ஈரம் தங்கும். இவற்றோடு, மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைக்கும் முறையையும் தோட்டக்காரர் காட்டினார். மெருகிடாத பானையின் நுண்ணிய துளைகள் வழியே, சுற்றியுள்ள மண் காய்ந்த அளவுக்கே நீர் கசியும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சீன வேளாண் நூலொன்றில் இம்முறை கூறப்பட்டிருக்கிறது. சுரைக்கும் பீர்க்குக்கும் பானை வைத்த பின், அப்பாத்திகளுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை நீர் நிரப்பினால் போதுமானதாயிற்று. ஆள் குறைந்த தோட்டத்துக்குப் பானையைவிட நல்ல துணை வேறில்லை.

அடுத்தது எரு. டில்லியில் வேப்பிலை மாசி, பங்குனியில் உதிர்கிறது. திறந்த வெளியில் சருகு எரிப்பது அங்கே தடைசெய்யப்பட்டிருக்கிறது. எரித்தால் புகை, குழியில் இட்டால் பொன். காய்ந்த சருகில் கரிச்சத்து மிகுதி. காய்கறித் தோலிலும் சாணத்திலும் தழைச்சத்து மிகுதி. கரிச்சத்து முப்பது பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்ற அளவில் குவியல் அமைந்தால் நுண்ணுயிர்கள் நன்கு பெருகும். வாளிக் கணக்கில் சொன்னால், பச்சைக் கழிவு ஒரு வாளிக்குச் சருகு இரண்டு, மூன்று வாளி. சரியாக அமைந்த குவியலின் உட்புறம் 60 டிகிரி வரை சூடேறும். அச்சூட்டில் களை விதைகள் பெரும்பாலும் மடியும். பச்சைக் கழிவு மிகுந்தால் நாறும். சருகு மிகுந்தால் அப்படியே கிடக்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி நீர் கசிவதே சரியான ஈரம். கோடையில் குவியல் விரைவில் உலர்வதால் இந்தச் சோதனையை அடிக்கடி செய்ய வேண்டும்.

இம்முறையின் பெயரே ஓர் இந்திய நகரின் பெயர். 1905இல் இந்தியாவுக்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது, சுற்றுப்புற உழவர்களின் வழக்கங்களைக் கூர்ந்து கற்றார். பின்னர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, குப்பையும் சாணமும் மண்ணும் சாம்பலும் அடுக்கடுக்காக இட்டு, மூன்று முறை புரட்டி, மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931இல் அதை நூலாகவும் வெளியிட்டார். உலகெங்கும் அது இந்தூர் முறை என்றே வழங்குகிறது.

வகுப்பில் கேட்டதைக் கண்ணால் காணும் ஆவல் பிறப்பது இயல்பு. விடுமுறைப் பயணம் இதற்கு உதவியது. மாணவர் இருவர் இந்தூருக்குச் சென்று, ஹோவர்ட் பணியாற்றிய வளாகத்தில் இப்போது உள்ள வேளாண்மைக் கல்லூரியையும், வீட்டுக் குப்பையை வாசலிலேயே வகை பிரித்து வாங்கும் அந்நகரின் ஏற்பாட்டையும் பார்த்து வந்தனர். கல்கத்தாவுக்குச் சென்ற குடும்பம் ஒன்று நகரின் கிழக்கே உள்ள சதுப்பு நிலங்களைக் கண்டது. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்நிலம் 2002இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நகரின் கழிவுநீரில் அங்கே மீன் வளர்கிறது. அருகே தாபாவில் பழைய குப்பை மேட்டு நிலத்தில் காய்கறி விளைகிறது. குப்பையைப் பிரிக்காமல் எருவாக்கினால் உலோக நஞ்சுகளும் மண்ணில் சேரும் என்ற எச்சரிக்கையையும் அவர்கள் உடன் கொண்டுவந்தனர். சொந்த ஊருக்குச் சென்றவர்களும் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஒருவர் கொண்டுவந்த கொடித்தண்டை வங்காளியர் 'புயீ' என்றனர். இந்திக்காரர் 'போயி' என்றனர். நாம் பார்த்தால் அது நம்மூர்க் கொடிப்பசலை!

பயணமும் தொண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. 1934 ஜனவரி 15இல் பீகாரைக் குலுக்கிய நிலநடுக்கம் பூசா நிலையத்தின் கட்டடத்தை அழித்தது. 1936இல் அந்நிலையம் டில்லிக்கு மாறிற்று. தலைநகரில் ஒரு பகுதி இன்றும் பூசா என்று வழங்குவது அதனால்தான். அதே நிலநடுக்கம் பியர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளரைப் பீகாருக்கு அழைத்து வந்தது. முதல் உலகப் போரில் பாழான பிரெஞ்சுக் கிராமம் ஒன்றை 1920இல் பல நாட்டு இளைஞர்களோடு சேர்ந்து சீர்ப்படுத்த முற்பட்டவர் அவர். பீகாரிலும் மண்வெட்டி பிடித்துக் கிராமங்களை மீண்டும் அமைக்க உழைத்தார். பிறர் ஊரைப் பார்க்கச் செல்வது ஒருவகைப் பயணம். பிறர் ஊரில் ஒரு வேலையைச் செய்து முடிக்கச் செல்வது மற்றொரு வகை. இரண்டாவது வகைப் பயணி அவ்வூரைக் கூடுதலாக அறிந்து திரும்புகிறார்.

எங்கள் பட்டியல் ஒரு நாளும் தவறாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. ஜூன் இரண்டாம் வாரத்தில் நீர்த் தட்டுப்பாடு மிகுந்தபோது, நான்கு நாட்கள் பாத்திக்கு ஒரு வாளியே கிடைத்தது. கொத்தவரைப் பாத்தி இரண்டும் கருகின. மே மாதத்தில் ஊர் சென்றவர்கள் ஜூன் நடுவில் திரும்பி, பலகையில் தம் பெயருக்கு நேரே இருந்த நாட்களை எண்ணிப் பார்த்து, யாரும் சொல்லாமலே வாளியை எடுத்தார்கள். ஜூன் 28 காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங்கில் 228 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அன்று நாங்கள் நீரை வார்க்கவில்லை, வடித்தோம். மூடாக்கிட்ட மண் அரிக்கப்படாமல் நின்றது. மாத இறுதியில் குடியிருப்பார் வந்து பார்த்தபோது, பதினெட்டுப் பாத்தியில் பசுமையாக இருந்தவை பத்து. தோட்டம் தொடரலாம் என்று தீர்ப்பாயிற்று. ஆயினும், ஊர்தி நுழைவதற்கு இடம் வேண்டும் என்ற நியாயத்தை மறுக்க நாங்கள் விரும்பவில்லை. தெருவை ஒட்டிய இரண்டு பாத்திகளை நாங்களே விட்டுக்கொடுத்தோம்.

நேயர்கள் தத்தம் ஊரில் இத்தகைய தோட்டம் ஒன்றைத் தொடங்க எண்ணினால், விதை வாங்குவதற்கு முன்னர் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். கோடையில் யார் இருப்பார்கள், யார் இருக்கமாட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இருப்பவர் சுமக்கக்கூடிய வாளிகளை எண்ணுங்கள். பிறகு பாத்திகளை எண்ணுங்கள். ஒரு பானையையும் ஓர் எருக்குழியையும் மழைக்காலத்திலேயே தயார் செய்யுங்கள். எல்லோருக்கும் பொதுவான பொருள் யாருடைய பொறுப்பும் அல்லாத பொருளாக மாறிவிடுவது உலக இயற்கை. இன்று காலை இது என் முறை என்று ஒருவர் எழுந்து வருவதே அதற்கு மாற்று.